இரண்டு அச்சுகளின் பொருத்தம்

மாத வெப்பத்தையும் மாத மழையையும் ஒரே படத்தில் வரைய இடப்பக்கம் ஓர் அச்சும் வலப்பக்கம் ஓர் அச்சும் வேண்டும். பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் இதற்கான கட்டளை ட்வின்எக்ஸ். முதல் சட்டகத்தின் மேல் கண்ணாடித் தாள் போல இன்னொரு சட்டகத்தை அது விரிக்கிறது. மாதங்கள் வரிசையாக நிற்கும் கிடை அச்சு இரண்டுக்கும் பொது. செங்குத்து அச்சுகள் தனித்தனி. ஈரப்பதத்தையும் சேர்க்க வேண்டுமானால் அதே கட்டளையை மறுபடி கொடுத்து, மூன்றாம் அச்சைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

ஒவ்வொரு தாளும் தன் நிறவரிசையை முதலிலிருந்து தொடங்குவதால், சும்மா விட்டால் எல்லாக் கோடுகளும் ஒரே நீலத்தில் வந்து நிற்கும். கோட்டுக்குக் கொடுத்த நிறத்தையே அதன் அச்சின் எண்களுக்கும் தலைப்புக்கும் கொடுப்பது நல்ல கைவேலை. எந்தக் கோட்டை எந்தப் பக்கம் படிப்பது என்று கண் அப்போது தேடுவதில்லை.

இத்தனை செய்தும் ஒரு குறை எஞ்சும். நூலகம் ஒவ்வோர் அச்சின் எல்லையையும் தானாகவே வகுக்கிறது. ஆகவே இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பொருளே இல்லை. எல்லையைச் சற்று மாற்றினால் வெட்டும் இடமும் நகர்ந்துவிடும்.

ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹைன்ரிச் வால்ட்டரின் காலநிலைப் படம் அழகு பெறுவது இங்கேதான். அதில் 10 பாகை செல்சியஸும் 20 மில்லிமீட்டர் மழையும் ஒரே உயரம். வெப்ப எண்ணின் இரு மடங்குக்கும் குறைவாக மழை பெய்த மாதம் வறண்ட மாதம் என்ற கணக்கே இந்த விகிதமானது. மழைக்கோடு வெப்பக்கோட்டின் கீழே இறங்கினால் வறட்சி; அந்த இடைவெளி புள்ளிகளால் நிரம்பும். மேலே ஏறினால் ஈரப்பருவம். அங்கே செங்குத்துக் கோடுகள். மேட்பிளாட்லிப்பில் இந்த விகிதத்தை அமைக்க இரண்டே வரி போதும்: வெப்ப அச்சுக்கு 0 முதல் 50, மழை அச்சுக்கு 0 முதல் 100.

சென்னையை வரைந்தால் ஜனவரி முதல் மே வரை மழைக்கோடு தாழ்ந்தே கிடக்கும். அக்டோபர், நவம்பரில் அது 100 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அதற்கும் வால்ட்டர் வழி வைத்திருந்தார்: 100க்கு மேல் அளவைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, அப்பகுதியைக் கருப்பால் நிரப்பினார்.