ஈயத்துக்கு ஓர் எல்லை

ராஜபாளையம் நூற்பாலைகளில் பழுதாகும் மின்னணுக் கார்டுகளும், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் ஓய்ந்துபோகும் டி.வி. பெட்டிகளும் வந்து சேரும் பழுதுபார்க்கும் கடைகளில், வெள்ளீயம் அறுபது, ஈயம் நாற்பது என்ற விகிதத்தில் அமைந்த சால்டரிங் கம்பிச்சுருள் மேஜைமீது கிடப்பது சர்வசாதாரணம். 2014 மே 1 முதல், பட்டியலிட்ட மின்னணுச் சாதனங்களில் ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பதோ இந்நாட்டுச் சட்டம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கொண்டே அச்சட்டத்தை எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் அமலாக்கிய விதியை அடியொற்றியது இது. பாதரசத்துக்கும் அதே வரம்பு, காட்மியத்துக்கு 0.01 சதவீதம். பெட்டியின் மொத்த பாரத்தோடு ஒப்பிட்டு ஈயத்தை அற்பமென்று தள்ளிவிட இடமளிக்காமல், ஒவ்வொரு பற்றுமுனையையும் தனிப்பொருளாகக் கொண்டு அளப்பதே இதன் சிறப்பு. ஐரோப்பியச் சந்தையை இழக்க மனமில்லாத உற்பத்தியாளர்கள் உலகம் முழுமைக்கும் ஈயமற்ற பாகங்களையே செய்யத் தலைப்பட்டதால், விதியின் பெயரையே கேட்டறியாத கடைக்காரர் வாங்கும் ஐ.சி.யும் பெரும்பாலும் அவ்வாறே வருகிறது.

ஆனால் அந்த ஐ.சி.யைப் பற்றவைப்பது பழைய கம்பிதான். அது 190 டிகிரிக்குள் முற்றும் உருகிப் பளபளவென்று படியும்; வெள்ளியும் செம்பும் கலந்த ஈயமற்ற கம்பியோ 217 டிகிரி தொட்டாலன்றி இளகாது, படிந்தபின்னும் மங்கித் தோன்றும், விலையும் அதிகம். பளபளப்பைப் பார்த்தே நல்ல பற்றைத் தேர்ந்து பழகிய கண்ணுக்கு இது பெரும் சங்கடம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் குறுந்தொழில்களை விலக்கியிருப்பதை நான் குறைகூற மாட்டேன். பழுதுபார்ப்பவனை விரட்டினால் குப்பைதான் பெருகும். எனினும், எழும் புகை பெரும்பாலும் பற்றவைப்புக்கு உதவும் ஃபிளக்ஸ் என்ற பொருளினுடையது, ஈயம் விரல்வழியே வடையோடு வயிற்றுக்குள் போகிறது என்பதையாவது அவனுக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டாமா?

விதிவிலக்குகளின் கதை இதினும் விசித்திரமானது. ஐரோப்பிய விதி அமலான அதே 2006-ல்தான் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் வீடுவீடாகச் செல்லத் தொடங்கின. எக்ஸ் கதிரைத் தடுக்கும்பொருட்டு அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் சேர்த்த ஈயத்தை, பற்றுமுனைகள் அனைத்தின் ஈயமும் சேர்ந்தாலும் எட்டாது. அக்கண்ணாடிக்கு ஐரோப்பிய விதியும், பின்வந்த நம் விதியும் விலக்களித்தன. வேறு வழியில்லாத அக்காலத்தில் அது நியாயமே. ஆயினும், விலக்களித்த கண்ணாடி திரும்பி வரும் வழியை உறுதிசெய்யாததால், பழைய இரும்புக்கடையில் செம்புச் சுருளை உருவியெடுத்தபின் குழாய் ஓடைக்கரையில் உடைபடுகிறது.

ஈய வரம்பு மீறப்படவில்லை என்பதற்குச் சாட்சியமோ உற்பத்தியாளரின் சுயவாக்குமூலம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கலாம் என்ற ஏற்பாடு அதற்குத் துணை. அம்மாதிரிகள் பெருநகரக் கடைகளோடு நின்றுவிடாமல், பெயரில்லாத சார்ஜர்கள் குவிந்து கிடக்கும் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் எடுக்கப்பட்டாலன்றி, அவ்வாக்குமூலத்தை நான் பிரமாணமாகக் கொள்ளமாட்டேன்.