தாதுமலைத் தொடரின் பழைய படங்கள்: சில குறிப்புகள்

பழைய இடவிளக்கப்படங்களை நிலத்தின் நடுநிலைச் சாட்சியங்களாகக் கொள்ளுதல் ஆய்வாளரிடையே பொதுவாகக் காணப்படும் ஒரு வழக்கு. அவ்வழக்கு எத்துணைப் பிழையானது என்பதை, ஜேர்மனியின் சக்சனிக்கும் பொகீமியாவுக்கும் இடையே கிடக்கும் தாதுமலைத் தொடரின் படங்கள் உணர்த்துகின்றன.

1168 அளவில் பிறைபேர்க்கில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. சுரங்கவழிகளைத் தாங்கும் மரமும், பாறையைச் சூடேற்றிப் பிளக்கும் விறகும், உலைக்கரியும் சூழவிருந்த காட்டிலிருந்தே வந்தன. 1586இல் சக்சனிய அரசு, சுரங்க அளவையாளர் குடும்பத்தில் வந்த மத்தியாஸ் ஓடரைக் கொண்டு நில அளவையைத் தொடக்கியது. ஏறத்தாழ 1:13,333 அளவுத்திட்டத்தில், தெற்கு மேற்புறம் அமைய வரையப்பட்ட அப்படங்களின் நுட்பம் இன்றும் வியப்புக்குரியது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நுட்பம் யாருக்காக என்ற வினா எழவே செய்கிறது.

1525இன் உழவர் கிளர்ச்சி காட்டில் விறகெடுக்கும் உரிமையையும் கோரிக்கையாக வைத்தது. அதே ஆண்டில் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். அறுபது ஆண்டின் பின் வந்த படத்தில் காட்டின் எல்லை உண்டு; அவ்வெல்லையைப் பற்றிய பிணக்கு இல்லை. உரிமையாளனின் கண்ணே அளவுகோலாயிற்று.

1780 முதல் 1806 வரை அஸ்டர் தலைமையில் 1:12,000 அளவில் எழுந்த ‘மைற்றாள்கள்’ வீடு, ஆலை, குளம் எனத் தனித்தனியே காட்டுவன. அவை இராணுவத் தேவைக்கென எழுந்தவை. ஆதலின் இரகசியமாகவே பேணப்பட்டன. காட்டின் பரப்பைக் காட்டும் படம் அதன் வறுமையைக் காட்டாது. மரத்தட்டுப்பாட்டை 1713இலேயே விரிவாக எழுதிய கார்லோவிட்ஸ், வனத்துறையினர் அல்லர், பிறைபேர்க்கின் சுரங்க அதிகாரி என்பது ஈண்டு நினையத்தக்கது. வெட்டுவோர் பக்கத்திலிருந்தே அக்குரல் எழுந்தது.

ஷினேபேர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற நோய் நுரையீரற் புற்றுநோயே என்பது 1879இல் மருத்துவரால் எடுத்துக்காட்டப்பட்டது. எந்தப் படக்குறியும் அதற்கில்லை.

முற்போக்காளராகிய நாம் மன்னராட்சியின் இரகசியத்தைச் சாடுவதோடு நின்றுவிடல் நேர்மையாகாது. 1940களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை இதே மலைகளில் விஸ்மூட் நிறுவனம் சோவியத் நாட்டுக்காக யுரேனியம் அகழ்ந்தது. தொழிலாளர் அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட கிழக்கு ஜேர்மனியிலும், 1960களின் பின் பொதுமக்களுக்கு விடப்பட்ட படங்கள் வேண்டுமென்றே சுருக்கப்பட்டவை. முழுமையான படங்கள் அதிகாரத்தின் அலுமாரிக்குள் இருந்தன. ஓடரின் எல்லைக்கோடுகளைக் கூர்ந்து விசாரிக்கும் திறனாய்வு, இவ்வெற்றிடங்களின்முன் மட்டும் வாய்மூடி நிற்குமாயின் அதனை வரலாற்றுப் பொருள்முதல்வாதம் என்று எவ்வாறு அழைப்பது?