மெய்யின் மேல் ஒரு படம்

தமிழில் மெய் என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். அறுவை மருத்துவத்தில் இன்று புகுந்துள்ள ‘மிகை மெய்ம்மை’ என்னும் முறையை ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் வேண்டப்படும்.

நோயாளியின் உடலை முன்னரே சி.டி. ஸ்கேன் எடுத்து, அப்படத்தை மருத்துவர் அணியும் கண்ணாடியில், உடலின் மேலேயே படிந்திருப்பது போலக் காட்டுவது இம்முறையாகும். தசையை அகலக் கிழிக்காமலே உள்ளெலும்பின் அமைப்புக் கண்ணுக்குத் தெரிகின்றது. 2020 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இத்தகைய கண்ணாடி அணிந்து ஒருவரது முதுகெலும்பில் ஆறு திருகாணிகளைப் பொருத்தினர். மருத்துவர்க்கு ஊடுருவும் கண் வாய்த்துவிட்டது என்று வியப்பாரும் உளர்.

அவ்வியப்பு முற்றும் பொருந்துமா? கண்ணாடியில் தோன்றுவது முன்பு எடுத்த படமே. படமும் உடலும் ஒத்து நிற்கும் அளவிற்கே அதனை நம்பலாம். எலும்பு எளிதில் வளையாது. அதில் ஓர் அடையாளக் கருவியை இறுகப் பொருத்திக் கேமராவால் தொடர்ந்து நோக்கினால் படம் பெரும்பாலும் விலகாது. ஈரலோ மூச்சுக்கு மூச்சு இடம் பெயரும். மூளையும் மண்டையோட்டைத் திறந்தபின் சற்றே நிலை மாறும். அப்போது பழைய படம் பிழையான இடத்தைக் காட்டும்.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. 2013இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். 32 அறுவை மருத்துவர்கள் உயிரற்ற உடலொன்றில் உள்நோக்கிக் கருவியால் பயிற்சி செய்தனர். படத்துணை பெற்ற 15 பேர், குறித்த இடத்தை மற்றவரினும் துல்லியமாக அடைந்தனர். ஆயினும் கண்ணெதிரே தெளிவாக இருந்த, எதிர்பாராத ஆபத்தினை அவருள் ஒருவரும் கண்டிலர். படத்துணை இல்லாத 17 பேருள் எழுவர் கண்டனர். படமின்றியும் பதின்மர் தவறவிட்டனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், மறைந்திருப்பதைக் காட்டும் படம் வெளிப்படையாக இருப்பதை மறைக்கவும் கூடும் என்பது இதனால் தெளிவாகின்றது.

ஆதலின் இக்கருவியை வெறுத்து ஒதுக்க வேண்டுவதில்லை. எலும்பு மருத்துவத்தில் அது நல்ல துணை. வேண்டாதபோது படத்தை அகற்றி, வெறுங்கண்ணால் நோக்கும் பழக்கத்தையும் இளம் மருத்துவர்க்குச் சேர்த்தே பயிற்றுதல் வேண்டும்.

பெயரையும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. ‘மிகை மெய்ம்மை’ என்றால், உண்மையே கூடிவிட்டதாக மாணவர் மயங்குவர். ‘மேற்படிவுக் காட்சி’ என்றால், படம் ஒன்று மேலே படிகின்றது என்ற செய்தி சொல்லிலேயே விளங்கும்.