மெய்யியலுக்குள் நுழையும் முதல் நூல்

"மாமா, மெய்யியல் பற்றி வாசிக்க ஒரு புத்தகம் தாங்க" என்று என் மருமகன் கேட்டபோது, அவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்தான். அளவையியலும் விஞ்ஞானமுறையும் அவன் எடுத்த பாடங்களில் ஒன்று. எனக்கு உள்ளூரப் பெருமைதான். அலுமாரியைத் திறந்து பேட்றண்ட் ரசலின் 'மேலைத்தேய மெய்யியல் வரலாறு' நூலைத் தூக்கிக் கொடுத்தேன். எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"எல்லாரும் பிழை விட்டிருக்காங்க எண்டு மட்டும் விளங்குது மாமா. நான் எதை யோசிக்கோணும் எண்டு விளங்கல்ல" என்றான்.

பல நாள் என்னை உறுத்திய வார்த்தை அது. நம்மிடம் புத்தகம் கேட்டு வரும் இளைஞர்களுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்பதை மீள யோசிக்க வைத்த வார்த்தையும் அதுவே. ஆரம்ப வாசகனுக்கான மெய்யியல் நூல்கள் என வழமையாகச் சிபாரிசு செய்யப்படுபவற்றை அந்தப் பார்வையில் இங்கு அணுக விரும்புகிறேன்.

முதலில் வரலாற்று நூல்கள். வில் டூரான்ட் 1926இல் வெளியிட்ட 'மெய்யியலின் கதை', ரசலின் 1945ஆம் ஆண்டு நூல் ஆகிய இரண்டுமே இவ்வகையில் பிரசித்தமானவை. டூரான்டின் நடை கவர்ச்சியானது. சிந்தனையாளர்களை இரத்தமும் சதையுமாகக் காட்டுவார். ஸ்பினோசா பற்றிய அத்தியாயத்தை இன்றும் விருப்போடு வாசிக்க முடிகிறது. ஆனால் அரிஸ்டோட்டிலை முடித்தவர், இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளைச் சில பக்கங்களில் கடந்து பிரான்சிஸ் பேக்கனிடம் வந்து சேர்ந்துவிடுகிறார். அல்பாராபியும் இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் வாழ்ந்தது அந்த இடைவெளியில்தான். ரசல் அவர்களுக்கு ஒரு சிறிய அத்தியாயம் ஒதுக்குகிறார். கிரேக்க அறிவைப் பாதுகாத்துக் கையளித்தவர்கள் என்பதே அவரது தீர்ப்பு.

நம்மவர்களை விட்டுவிட்டார்கள் என்ற மனத்தாங்கலில் இதை நான் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸில் இப்னு ருஷ்தை 'உரையாசிரியர்' என்று மட்டும் குறிப்பிட்டாலே போதும், யாரென்று எல்லோருக்கும் தெரியும். தோமஸ் அக்குவைனஸ் அவரோடு உடன்பட்டும் மோதியும் எழுதினார். அந்த விவாதத்தை விட்டுவிட்டால் ஐரோப்பிய மெய்யியலின் வரலாறே குறையாகிவிடும் என்பதுதான் என் வாதம். ஆரம்ப வாசகனுக்கு அந்தக் குறை தெரியவும் மாட்டாது. வரைபடத்தில் இல்லாத ஊர் உலகத்திலேயே இல்லை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

யொஸ்டைன் கார்டெரின் 'சோஃபியின் உலகம்' (1991) ஆர். சிவகுமாரின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்துள்ளது. நீ யார், உலகம் எங்கிருந்து வந்தது என்ற இரு கேள்விகள் ஒரு சிறுமிக்குத் தபாலில் வருவதோடு நாவல் தொடங்குகிறது. கேள்வியிலிருந்து தொடங்கியதே இதன் பலம். போகப் போக ஆசிரியர் விரிவுரை நிகழ்த்த, சோஃபி தலையாட்டும் வகுப்பறையாக அது மாறிவிடுவது பலவீனம். என்றாலும் ரசலுக்குப் பதிலாக இதைக் கொடுத்திருந்தால் என் மருமகன் அவ்வளவு தூரம் களைத்திருக்க மாட்டான்.

எங்கள் தலைமுறையில் பலர் ஜார்ஜ் பொலிட்சரின் 'மார்க்சிய மெய்ஞ்ஞானம்' வழியாகவே உள்ளே வந்தோம். முப்பதுகளில் பாரிஸ் தொழிலாளர் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகள் அவை. 1942இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். சாதாரணத் தொழிலாளிக்கும் மெய்யியல் விளங்கும் என்ற நம்பிக்கை அந்நூலில் உண்டு. அந்த நம்பிக்கைக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் உலகச் சிந்தனை முழுவதையும் இரண்டு முகாம்களாகப் பிரித்துவிடுவதால், கேள்விக்கு முன்பே விடை வந்துவிடுகிறது. அதை வாசித்த சூட்டில் பிளேட்டோவை ஒரு பக்கம்கூட வாசிக்காமல் பிளேட்டோவைத் திட்டித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது வகை, பிரச்சினைகளை மையப்படுத்திய நூல்கள். தோமஸ் நேகல் 1987இல் எழுதிய சிறு நூல் இவற்றுள் முதன்மையானது. மெய்யியலாளர்களின் பெயர்களால் மிரட்டாமல் ஒன்பது பிரச்சினைகளை மட்டும் எடுத்துப் பேசுகிறார். மதிய உணவுக்குப் பின் கேக்கைத் தின்ற ஒருவன், பீச் பழத்தைத் தெரிவு செய்திருக்கலாமே என்று மறுநாள் நினைக்கிறான். உண்மையிலேயே அவனால் அப்படிச் செய்திருக்க முடியுமா? இவ்வளவுதான் உதாரணம். ஆனால் கத்ர் பற்றிய விவாதங்களைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைக்கு இக்கேள்வியின் கனம் உடனே தெரிந்துவிடும்.

ரசலின் 'மெய்யியலின் பிரச்சினைகள்' (1912) என்ற சிறு நூலும் இவ்வகையானது. எதிரே இருக்கும் மேசையின் நிறம் எது, வடிவம் எது என்று கேட்டுத் தொடங்கி, நாம் காண்பது மேசையைத்தானா என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். நடுவிலுள்ள சில அத்தியாயங்கள் கடினமானவை. ஒழுக்கவியலுக்கு அதில் இடமில்லை. முதல் மூன்று அத்தியாயங்களையும் மெய்யியலின் பெறுமதி பற்றிய கடைசி அத்தியாயத்தையும் வாசித்துவிட்டு, மிகுதியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது.

மூன்றாவது வகை மூலநூல்கள். ஆரம்ப வாசகனுக்கு மூலநூல் ஆகாது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இது எல்லா நூலுக்கும் பொருந்தாது. கான்ட்டின் கையில் பிள்ளையைக் கொடுக்க முடியாதுதான். ஆனால் பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய உரையாடல். கூலியாள் ஒருவனின் மரணத்துக்காகத் தன் தந்தை மீதே வழக்குத் தொடுக்க வருகிறான் ஒருவன். அவனை மறித்து சோக்கிரட்டீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமானது என்பதால் அதைத் தெய்வங்கள் விரும்புகின்றனவா? நன்மை தீமையைப் பகுத்தறிவால் அறியலாமா என்று முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் நடத்திய நெடிய விவாதத்தை ஓரளவேனும் கேள்விப்பட்ட வாசகன் நிமிர்ந்து உட்காருவான்.

இமாம் கஸ்ஸாலியின் 'அல்முன்கித் மினழ் ழலால்' இன்னொன்று. பெரிய நூலல்ல. தன் அறிவு எதில் நிலைகொண்டிருக்கிறது என்று தேடப் புறப்படுகிறார். அசையாததுபோல் தோன்றும் நிழல் உண்மையில் நகர்கிறது. நாணயமளவு தெரியும் நட்சத்திரம் பூமியை விடப் பெரியது. புலன்கள் ஏமாற்றினால், புத்தியும் ஏமாற்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கனவில் இருப்பவனுக்குக் கனவு மெய்யாகத்தானே படுகிறது? ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த ஐயத்தில் கிடந்ததாக அவரே எழுதுகிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் 1641இல் டேக்கார்ட்டும் கனவையே சான்றாக வைத்து ஐயுறுகிறார். கஸ்ஸாலி இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளியால் மீண்டதாகச் சொல்கிறார். டேக்கார்ட்டுக்குச் சிந்திக்கும் 'நான்' பிடிமானமாகிறது. ஒரே கிணற்றில் விழுந்த இருவர் வெவ்வேறு கயிற்றில் ஏறி வருவதை அடுத்தடுத்து வாசிப்பது பத்து வரலாற்று நூல்களுக்குச் சமம். கஸ்ஸாலி மெய்யியலுக்குக் கதவடைத்தவர் என்ற ஒற்றை வரித் தீர்ப்பையும் அந்த வாசிப்பு அசைத்துவிடும்.

கலைச்சொற்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 'மெய்யியல்' என்பதைத் தமிழகத்தில் 'தத்துவம்' என்பர். நமது 'அளவையியல்' அங்கே 'தர்க்கவியல்'. நாம் 'பௌதிகவதீதம்' என்று படித்ததை மார்க்சிய மொழிபெயர்ப்புகள் 'இயக்க மறுப்பியல்' என்கின்றன. சொல்லுக்குள்ளேயே குற்றச்சாட்டு ஏறியிருப்பதை ஆரம்ப வாசகன் எப்படி அறிவான்? பேராசிரியர்கள் சோ. கிருஷ்ணராஜா, எம்.எஸ்.எம். அனஸ் போன்றோர் நமது சூழலில் இருந்து தமிழில் எழுதியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது இவ்விடத்தில் பெரிதும் உதவும்.

மருமகனிடம் திரும்புகிறேன். புத்தகம் திரும்பி வந்து சில மாதங்களுக்குப் பிறகுதான், ஏன் மெய்யியல் வாசிக்க நினைத்தாய் என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பாட மையத்தக் குளிப்பாட்டக்க நானும் நிண்டன். எல்லாம் அப்படியே இருந்திச்சு. என்ன இல்லாமப் போன எண்டு யோசிச்சன்" என்றான்.

அவன் கேட்டது இதை. நான் கொடுத்தது எண்ணூறு பக்க வரலாறு.

அன்று அவனுக்கு நான் எடுத்துக் கொடுத்தது இப்னு துபைலின் 'ஹை இப்னு யக்ழான்'. பன்னிரண்டாம் நூற்றாண்டு அந்தலூசியாவில் எழுதப்பட்டது. 1671இல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்ட நூல். மத்தியகோட்டின் கீழ் உள்ள இந்தியத் தீவொன்றில், மனிதர் எவருமின்றி ஒரு குழந்தை வளர்கிறது. மான் ஒன்று பாலூட்டுகிறது. ஒருநாள் மான் இறந்துவிடுகிறது. கண் இருக்கிறது, காது இருக்கிறது, எந்த உறுப்பிலும் காயமில்லை. ஆனால் அழைத்தால் பதிலில்லை. இல்லாமற் போனது எது என்று தேடி, பையன் மானின் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. தன் தாயாக இருந்தது இந்த உடல் அல்ல, இதைவிட்டுப் போன ஒன்று என்று அவன் உணரும் இடத்தில் அவனது மெய்யியல் தொடங்குகிறது.

என்னிடம் இருந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்தப் பகுதியை இருவரும் சேர்ந்தே வாசித்தோம்; விளங்காத இடத்தை நான் தமிழில் சொன்னேன். மிகுதியை அவன் தானே வாசித்தான். அந்நூல் அவனுக்கு முடிந்த விடை எதையும் தந்துவிடவில்லை. தன் கேள்வி தனக்கு மட்டும் வந்ததல்ல என்பதைத் தந்தது. அதற்குப் பிறகு கஸ்ஸாலியைக் கேட்டு வாங்கினான், பிறகு நேகலை. ரசலின் பெரிய நூலும் இப்போது அவனிடம்தான் இருக்கிறது.

ஆகவே எது முதல் நூல் என்பதற்கு ஒரே பட்டியல் தர என்னால் முடியவில்லை. மரணம் பற்றிய கேள்வியோடு வருபவனுக்கு இப்னு துபைல். நீதி பற்றிய கேள்வியோடு வருபவளுக்கு பிளேட்டோ. எதையும் நம்ப முடியவில்லை என்பவனுக்கு கஸ்ஸாலியும் டேக்கார்ட்டும். கேள்வி இன்னும் உருவாகாதவர்களுக்கு நேகல். வரலாறு கடைசியில் வரட்டும். அலுமாரியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம், ஏன் கேட்கிறாய் என்று கேட்போம்.