நெல் சுமந்த படகில் இராச்சாப்பாடு

படகில் ஏறுவதற்கு முன்பே கையில் ஒரு மாலையை மாட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் வளையல்போல் தொங்குகிற சின்ன மாலை. 'புவாங் மாலாய்' என்கிறார்கள். மாலாய் என்று சொல்லும்போது நம் மாலை அப்படியே காதில் விழுகிறது. மல்லிகை மொட்டுகளை ஊசியில் குத்தி, ஒன்றோடொன்று நெருக்கி, உள்ளே நூல் இருப்பதே தெரியாமல் கோத்திருந்தார்கள். மதுரை மல்லியைக் கட்டிக் கட்டி விரல் பழகிய என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, இது எருக்கம்பூவுல்ல!"

எருக்கம்பூதான். இதழ்களை நீக்கிவிட்டு, நடுவில் ஐந்து மடிப்பாக நிற்குமே ஒரு கிரீடம், அதை மட்டும் எடுத்து மொட்டுகளுக்கு இடையே கோத்திருந்தார்கள். தந்தத்தில் கடைந்த மணி என்றே தோன்றும். தாய்லாந்தில் இந்தப் பூவுக்கு 'டோக் ரக்' என்று பெயர். ரக் என்றால் அன்பு. அதனால்தான் கல்யாணத்துக்கும் விருந்தாளிக்கும் தரும் மாலையில் அது இல்லாமல் இருக்காது என்று மகள் சொன்னாள். எங்கள் காரியாபட்டியில் எருக்கு யாரும் வைத்து வளர்க்கிற செடி இல்லை. குண்டாற்று மணலிலும் நான்குவழிச் சாலையின் ஓரத்திலும் தானே முளைத்து, தானே பூத்து, பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் நினைவுக்கு வரும். அந்தப் பூவை இவ்வளவு பக்கத்தில் வைத்து, இவ்வளவு நேரம் நான் பார்த்தது கடல் கடந்து போய்த்தான்.

பாங்காக் நகரத்தின் நடுவே வளைந்து ஓடுகிற ஆறு சாவோ பிரயா. வடக்கே நக்கோன் சவானில் பிங், நான் என்ற இரண்டு ஆறுகள் கூடி, அங்கிருந்து சுமார் 370 கிலோமீட்டர் ஓடி வந்து கடலில் சேர்கிறது. இரவானால் இந்த ஆற்றில் விருந்துப் படகுகள் வரிசையாகக் கிளம்புகின்றன. மூன்று அடுக்கு, வண்ண விளக்கு, பாட்டு, ஆட்டம், வேண்டிய மட்டும் எடுத்துச் சாப்பிடும் பந்தி என்று பெரிய பெரிய கப்பல்கள். அவற்றுக்கு நடுவே சில பழைய தேக்குப் படகுகளும் உண்டு. ஒரு காலத்தில் நடுத் தாய்லாந்தின் வயல்களிலிருந்து பாங்காக் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நெல்லும் அரிசியும் சுமந்தவை. வயிறு பருத்த உடம்பு. மேலே தாழையோலையைத் தைத்த பாயால் வளைத்துக் கட்டிய கூரை. அந்தக் கூரைப் பாய்க்குப் பெயர் 'கிராச்சேங்'. அதை வைத்தே படகுக்கும் பெயர். லாரியும் சாலையும் வந்தபின் சும்மா கிடந்த படகுகளைச் செப்பனிட்டு, மேசை போட்டு, இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டுகிறார்கள். எங்கள் மகள் அப்படி ஒரு படகில்தான் இடம் பிடித்திருந்தாள்.

பொங்கல் கழிந்து, மாசி பிறந்த வாரம். சிவகாசியில் முப்பது வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவனுக்கு அதுதான் மூச்சு விடும் காலம். தினசரி காலண்டர் வேலை எல்லாம் தை பிறக்கும்போதே முடிந்துவிடும். வேலையை விட்ட பிறகும் உடம்பு அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது.

உட்கார்ந்ததும் ஆறு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் உறைத்தது. நெல் ஏற்றுவதற்கென்று கட்டிய படகாகையால் அது தண்ணீருக்குள் ஆழ அமர்ந்து போகிறது. கையை நீட்டினால் நீர் தொட்டுவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் குண்டாற்றில் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்கப் போவோம். காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நட்டபோது, அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து எடுத்து வைத்த ஆள் நான். அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்தில், முழங்கை உயரத்தில், ஒரு முழு ஆறு இருட்டில் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. சாப்பாடு வருவதற்கு முன்பே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

முதலில் வந்தது ஒரு கண்ணாடிக் குவளை. உள்ளே நீலம். சாயம் கலந்த நீலம் இப்படி அடங்கி இருக்காது. இது சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த நீலம். பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. பிழிந்ததும் குவளையின் மேல்மட்டத்தில் ஒரு ஊதா இழை புறப்பட்டு, புகைபோலச் சுருண்டு கீழே இறங்கி, மெல்ல மெல்ல மொத்த நீரும் கத்தரிப்பூ நிறமானது. புளிப்பு பட்டால் அந்தப் பூவின் சாயம் நிறம் மாறும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சயானும் மெஜந்தாவும் கலக்கிற அளவைக் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துப் பார்த்தே காலம் கழித்தவன் நான். கலக்கும் அந்த நிமிஷத்தை எந்த மெஷினும் எனக்குக் காட்டியதில்லை. தாளில் வந்து விழுந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். இங்கே அது என் கண்முன்னால், என் கையால் நடந்தது. இரண்டாவது குவளையும் வாங்கினேன், குடிப்பதற்காக அல்ல.

அடுத்து ஒரு தட்டில் வெற்றிலை மாதிரி இலை. வெற்றிலைக்கு உறவுதான், காரம் குறைவு. அதன் மேல் வறுத்த தேங்காய்ப் பூ, கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக நறுக்கிய இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு எலுமிச்சை, வேர்க்கடலை, காய்ந்த இறால், ஒரு சொட்டு கருப்பட்டிப் பாகு. 'மியாங் கம்' என்று பெயர். ஒரு வாய்க்கு ஒரு இலை. இலையைக் கூம்பாக மடித்து வாய்க்குள் போட்டுவிட வேண்டும். முதலில் பாகின் இனிப்பு, பிறகு எலுமிச்சைத் தோலின் கசப்பு, பிறகு இஞ்சி, எல்லாம் அடங்கிய பிறகு தேங்காய். தாம்பூலத்தில் விருந்தை முடிக்கிறவர்கள் நாம். அவர்கள் அதில் தொடங்குகிறார்கள். எனக்கு அந்தத் தொடக்கம் பிடித்துப்போயிற்று, வாய் விழித்துக்கொள்கிறது.

சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், பேரரத்தை, நாரத்தை இலைக்கு நெருங்கிய ஓர் இலை. எங்கள் பாட்டி வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வீடு முழுவதும் எழும் மணம் அதில் இருந்தது. அரத்தையையும் இலையையும் கறிவேப்பிலைபோல ஓரம் ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகச் செய்தது.

நான் மறக்காத தட்டு அதற்குப் பின்னால் வந்தது. பச்சை மிளகாயை அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்ட பச்சைக் குழம்பு. அதில் கரும்பச்சையாகப் பட்டாணி அளவில் உருண்டைகள் மிதந்தன. மகள் அவற்றை "ஒரு வகைக் கத்தரிக்காய்" என்றாள். மனைவி ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். தோல் வெடிக்கும் சின்னச் சத்தம், பிறகு விதையின் நறநறப்பு. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சுண்டைக்காய்டி! மோரில் போட்டு வத்தலாக்காம, பச்சையாவே போட்டிருக்காக."

அதேதான், செடிகூட மாறவில்லை. நம் வீட்டில் அதை மோரிலும் உப்பிலும் ஊறப்போட்டு, வெயிலில் கருக்கி, எண்ணெயில் பொரித்தால்தான் வாய்க்கு வரும். கசப்பை அடக்கித்தான் தின்போம். இங்கே கசப்பை அடக்கவே இல்லை. கொழுப்பும் இனிப்புமான தேங்காய்ப்பாலில் நாக்கு சொக்கிப்போகிற நேரம் பார்த்து ஒரு சுண்டைக்காய் உடைகிறது. நாக்கு நிமிர்ந்து உட்காருகிறது. நாலு வாய்க்கு ஒரு தடவை, அதற்கு மேல் இல்லை. அந்த அளவை வைத்த கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சோறு தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில். தாய்லாந்தின் பேர்போன வாசனை அரிசிக்கு 'ஹோம் மாலி' என்று பெயர். ஹோம் என்றால் மணம், மாலி என்றால் மல்லிகை, நம் மல்லிதான். ஆனால் மல்லிகை வாசம் அடிப்பதால் வந்த பெயர் இல்லையாம். மொட்டின் வெள்ளையைப் பார்த்து வைத்தது. வாசம் ரம்பை இலையின் வாசம். கையில் மல்லிகை, கிண்ணத்தில் மல்லிகை நிறத்துச் சோறு, அதுவும் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக அரிசி சுமந்த படகின் வயிற்றில் உட்கார்ந்து. முள்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குத் தள்ளி, கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்பது அங்கே முறை. நானும் அப்படியே சாப்பிட்டேன்.

படகு நினைவுப் பாலத்தின் அடியில் நுழைந்தது. பாங்காக் தலைநகராகி 150 வருஷம் ஆனதற்காக 1932இல் திறந்த பாலம். இருட்டு ஒரு நிமிஷம் மூடி விலகியதும், பரிசாரகர்கள் தட்டுகளோடு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்கள். மேசை விளக்குகளைத் தணித்தார்கள். யாருக்கும் எதுவும் பரிமாறவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தபோது இடது கரையில் வாட் அருண் தெரிந்தது.

அருணன் பெயரில் ஒரு கோயில். சூரியனின் தேரோட்டி பெயரை விடியலுக்கு வைப்பது நம் வழக்கம். அதை இரவில் பார்க்கிறோம். நடுக்கோபுரத்தை இரண்டாம் ராமன் என்ற அரசர் காலத்தில் உயர்த்தத் தொடங்கி, மூன்றாம் ராமன் காலத்தில் முடித்தார்கள். சீனத்திலிருந்து வந்த கப்பல்களில் பாரத்துக்காகக் கொண்டுவந்த பீங்கானை உடைத்து, சிப்பியோடு சேர்த்து, பூவும் இலையுமாகச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். காலையில் நாங்கள் அருகே போய்ப் பார்த்தோம்: ஒரு தட்டின் விளிம்பு இதழாகியிருந்தது, ஒரு கிண்ணத்தின் அடி பூவின் நடுவாகியிருந்தது. வாசலில் காவலுக்கு நிற்பவர்களில் பச்சை நிறத்தவன் 'தோட்சகன்', நம் தசகண்டன், இராவணன். மேலே மாடங்களில் ஐராவதத்தின் மேல் இந்திரன். இரவில் இவை ஒன்றும் தெரிவதில்லை. விளக்கொளியில் கோபுரம் ஒரே பொன்னாக நிற்கிறது. ஆனால் உடைந்த தட்டுகளால் ஆனது என்று தெரிந்த கண்ணுக்கு அந்தப் பொன் சமமாக இல்லை; ஆங்காங்கே பொடிப்பொடியாக மினுங்குகிறது.

கீழே தண்ணீரில் விழுந்த கோபுரம் இன்னும் அழகு. பொன் ஓரிடம், சிவப்பு ஓரிடம், நீலம் ஓரிடமாக, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் விலகி விலகி ஆடின. அச்சில் இப்படி வந்தால் ரெஜிஸ்டர் சேரவில்லை என்று மெஷினை நிறுத்திவிடுவோம். அன்றைக்கு நான் எதையும் நிறுத்த விரும்பவில்லை. படகு கோயிலைக் கடக்கும் வரை ஒரு கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்த விருந்தை அமைத்தவருக்கு எதைக் கொடுப்பது என்பதோடு எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதும் தெரிந்திருந்தது.

எதிர்க்கரையில் 1782இல் எழுந்த அரண்மனையின் கூரை முனைகள். அதற்கும் பின்னால், படகிலிருந்து தெரியாத தெருவில், அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது. திருவெம்பாவையின் பெயரைச் சுமந்த 'திரியம்பவாய்' சடங்கு இன்றும் அங்கே நடக்கிறது. சீலோம் தெருவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலை அன்று மாலைதான் கும்பிட்டு வந்திருந்தோம். ஊர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். இந்தியர்களைக் குறிக்கும் அந்தக் 'கேக்' என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள்.

எட்டாம் ராமன் பாலத்தருகே படகு திரும்பியது. ஒற்றைத் தூணிலிருந்து விசிறிபோல் இறங்கும் கம்பிகளுக்குக் கீழே மாம்பழம் வந்தது. 'நாம் டோக் மாய்', பூநீர் என்று அர்த்தம் சொல்லும் பழம். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, மேலே வறுத்த பாசிப்பருப்பு தூவியிருந்தார்கள். தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்பு கூட. அந்த உப்பால்தான் பழம் இனித்தது.

அப்போது எதிரே இருட்டுக்குள்ளிருந்து ஓர் இழுவைப் படகு வந்தது. அதன் பின்னே கயிறு கட்டி மூன்று இரும்புத் தோணிகள், நீர் விளிம்பைத் தொடும் அளவுக்குப் பாரம். கடைசித் தோணியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மஞ்சள் பல்பு, கொடியில் காயும் துணி. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து தட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் படகு இன்னும் பாரம் சுமந்த நாளில், இதே ஆற்றில், இப்படித்தான் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். அவள் எங்களைப் பார்த்தாள். என் மனைவி கையை உயர்த்தினாள். அவளும் சோற்றுக் கரண்டியை உயர்த்திக் காட்டினாள். தோணிகள் கிளப்பிய அலை எங்களை வந்து தொட்டபோது என் குவளையில் மிச்சமிருந்த ஊதா நீர் ஒரு பக்கம் சாய்ந்து, தயங்கி, மறுபடி சமமாயிற்று. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று பச்சைத் தீவுபோல ஆடிக்கொண்டே விலகியது.

இறங்கும்போது மாலையை அங்கேயே வைத்துவிட மனைவிக்கு மனம் வரவில்லை. அறைக்குக் கொண்டுவந்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள். மறுநாள் மல்லிகை மொட்டுகள் விரிந்து ஓரம் சிவந்தன. மூன்றாம் நாள் காலை விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அவை பழுப்பாகிச் சுருங்கியிருந்தன. எருக்கம்பூக் கிரீடங்கள் மட்டும் முதல் நாள் பார்த்தபடியே, மெழுகுபோல் வெளுத்து, விறைப்பாக நின்றன.