மறைந்து குடிப்பவனும் 927ஆம் குறளும்

கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். புலால் மறுத்தல் அறத்துப்பாலில் நிற்க, இது பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே நிற்கிறது. மானமும் அறிவும் கைப்பொருளும் போவதே இங்குப் பேச்சு.

நம் ஊரில் இதற்கு உரை சொல்வோர் உதாரணம் தேடித் தேக்காவின் தெருவோரத் தொழிலாளியிடமே போகின்றனர். 2013 டிசம்பர் 8 கலவரம் அப்படி ஒரு பழக்கத்தை வளர்த்துவிட்டது போலும். 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கத் தடை; லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் இன்னும் கடுமை. தஞ்சோங் பகாரில், ஒருகாலத்தில் ரிக்‌ஷாக்காரரும் அபினிக் கூடங்களும் இருந்த டக்ஸ்டன் சாலையில், இன்று சுற்றுலாப் பயணியும் அதிகாரியும் மதுக்கூடத்துள் அமர்ந்து அருந்துவதை அத்தடை தொடாது. சட்டம் இடத்தைப் பார்க்கிறது. அது அதன் வேலை.

குறளின் வேலை வேறு. 927இல் ‘ஒற்றி’ என்ற சொல் இருமுறை வருகிறது. பரிமேலழகர் ஒன்றுக்கு ‘உய்த்துணர்ந்து’ என்றும், மற்றொன்றுக்கு ‘மறைந்து’ என்றும் பொருள் கொண்டார். மறைந்து குடிப்பவனை ஊரார் உய்த்துணர்ந்து நகைப்பர் என்பது கருத்து. யாவரும் காணத் திறந்த வெளியில் குடிப்பவனிடம் உய்த்துணர என்ன இருக்கிறது? அவனை இக்குறளுக்கு உதாரணமாக்குவது எவ்வாறு பொருந்தும்?