இரண்டு சாவிகள்

சி.சு. செல்லப்பா, க.நா. சுப்ரமண்யம் என்று இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். விமர்சனம் என்ற காரியத்தைப் பற்றி இருவரும் ஒத்துப்போன இடங்கள் சொற்பம். க.நா.சு.வுக்கு ரசனைதான் அளவுகோல்; தேறியது இது என்று பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். செல்லப்பாவுக்கு அது போதாது. படைப்பைப் பிரித்து அலசி, நிரூபித்தாக வேண்டும். இருந்தும், 1959 ஜனவரியில் செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’வில் க.நா.சு. எழுதினார், மயன் என்ற பெயரில் கவிதையும் எழுதினார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவிகள்: ஒன்று காஷியரிடம், மற்றது அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பும்படி யாரும் கேட்பதில்லை. நம்பிக்கையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இதில் யாருக்கும் அவமானமும் இல்லை.

எந்தப் படைப்பை அலசுவது என்று அலசல் முறை சொல்லாது. அதற்கு ரசனை வேண்டும். ஏன் இந்தப் படைப்பு என்று பட்டியல் சொல்லாது; அதற்கு அலசல் வேண்டும். ஒருவரிடம் இல்லாத சாவி மற்றவரிடம் இருந்தது. 1963-ல் க.நா.சு. ‘இலக்கிய வட்டம்’ என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். அதனால் முந்தைய வருஷங்கள் பொய்யாகிவிடவில்லை. சேர்ந்து செய்யும் வேலை ஆயுள் பரியந்தம் நீடிக்க வேண்டும் என்பதில்லை.

நம் கதை வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகைக்குக் கொடுத்திருந்த கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நான் மதிக்காத ஒருவர் அதே இதழில் எழுதுகிறார் என்பது காரணம். இருவரும் எழுதியது ஒரே நாவலைப் பற்றி. அவர் வாசிப்பு தவறு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அச்சில் வந்தது அது மட்டும்தான். அதை மறுத்திருக்கக்கூடிய பக்கங்கள் என் மேஜை டிராயரில் கிடந்தன. என் கௌரவம் தப்பியது. நஷ்டம் நாவலுக்கு.

எவரோடும் சேரலாம் என்று சொல்லவில்லை. மூலத்தைத் திரித்து மேற்கோள் காட்டுபவரோடு வேலை செய்ய முடியாது. நடுவில் இருக்க வேண்டிய படைப்பையே அவர் எடுத்துவிடுகிறார். மற்றபடி, அபிப்ராயம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், பிரதியை மேஜைமேல் வைத்துப் பேசுகிறவரானால், அவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் எழுதலாம். அந்தக் கட்டுரையை இப்போது தேடி எடுத்திருக்கிறேன்.